மச்சானுக்கு, பிரேக் பூஸ்டர் பற்றி

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கரட் ஏற்றும் நாட்கள் என்பதால் பாதியில் நின்றுவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பனி விழும் மாதங்களில் கூடிவிடுகிறது. மகள் சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டாள், பெறுபேறு வரவேண்டும். பழைய லயத்துப் பக்கம் போன கிழமை போயிருந்தேன். நாம் குளித்த பீலியில் இப்போதும் தண்ணீர் விழுகிறது.

சரி, நீ கேட்ட விஷயம், பிரேக் மிதிக்கும் காலுக்கு வெற்றிடத்தின் உதவியால் பலம் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர். "நீ டபுள் பூஸ்டர் போட்டாயாமே, எனக்கும் பஞ்சிகாவத்தையில் ஒன்று பார்த்து வை, சித்திரைக்குக் கெப்பை மலைக்குக் கொண்டுவரப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கும் இடம் அதுதானே. பார்த்து வைக்கலாம். ஆனால் அதற்கு முன் என் வண்டியில் நடந்ததை முழுவதும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஐப்பசி மழையில் நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு கம்பளைக்கு இறங்கினேன். பின்னால் தொள்ளாயிரம் கிலோ, பக்கத்தில் அக்கா மகன். லபுக்கலை தாண்டும்போது பட்டரி லைட் மினுக்கி மினுக்கி அணைந்தது. மழை ஈரம் ஏதோ என்று நினைத்து விட்டுவிட்டேன். இறம்பொடைக்கு மேலே உள்ள வளைவுகளில் ஒன்றில் பிரேக்கை இரண்டாவது முறை மிதித்தபோது பெடல் கல்லாகிவிட்டது. பிரேக் ஒயில் ஒழுகினால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும், உனக்குத் தெரியும். இது கீழேயே போகவில்லை. சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலையும் வைத்து மிதித்து, கியரை இரண்டுக்கு இறக்கி, மலைப்பக்கக் கானுக்குள் சக்கரத்தை விட்டுத்தான் வண்டியை நிறுத்தினேன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணித்தியாலம் எடுத்தது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வானும் மோதி 7 பேர் இறந்துபோனார்களே, அந்தச் செய்தி வந்த இரவு நம் ஊரில் யாரும் தூங்கவில்லை. அதுதான் அந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூஸ்டர் போய்விட்டது, பெரிதாக ஒன்று போடுவோம் என்றார்கள். காசு கையில் இருந்திருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன். இல்லாததால் டிக்கோயாப் பக்கம் தோட்ட லொறிகளிலேயே காலம் கழித்த ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் போனேன். அவர் சாவியைக் கூட எடுக்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பெடலை ஐந்தாறு தடவை இறுகும் வரை மிதிக்கச் சொன்னார். பிறகு காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணு என்றார். பூஸ்டர் நன்றாக இருந்தால் எஞ்சின் பிடித்த உடனே பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். என்னுடையது இறங்கியது, ஆனால் தாமதமாக, அரைகுறையாக. அப்புறம் பூஸ்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, வெற்றிடம் எவ்வளவு என்று பாதரச அங்குலத்தில் காட்டும் ஒரு வேக்குவம் மீற்றரை மாட்டினார். ஊசி 14 அங்குலத்துக்கு மேல் ஏறவில்லை. "பூஸ்டரை விடு தம்பி, அதற்குச் சாப்பாடே வரவில்லை" என்றார்.

அவர் சாப்பாடு என்றது வெற்றிடத்தை. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் த்ரொட்டில் மூடி இருக்கிறது, அதனால் அங்கே வெற்றிடம் தானாகவே கிடைக்கும், பூஸ்டருக்கு அது போதும். நம் பழைய டீசலுக்கு அந்த மூடி கிடையாது. ஆகவே டைனமோவின் முதுகில் ஒரு சின்ன வேக்குவம் பம்ப் பூட்டியிருப்பார்கள், பெல்ட் டைனமோவைச் சுற்றும்போது அதுவும் சுற்றும், எஞ்சின் ஒயில்தான் அதற்கு மசகு. பெல்ட் தளர்ந்தால் டைனமோவும் நிற்கும் பம்பும் நிற்கும். எனக்கு மினுக்கிய பட்டரி லைட் உண்மையில் பிரேக்கைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது! மழையில் பெல்ட் வழுக்கியிருக்கிறது. அதோடு பம்புக்குள் சுற்றும் தகடுகளும் தேய்ந்து, ஒயில் வரும் சின்னக் குழாயில் கரி அடைத்துக் கிடந்தது. புதிய பெல்ட், தகடுகள், ஒயில் குழாய், பூஸ்டர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வ், இவ்வளவையும் மாற்றியதும் ஊசி 23க்கு ஏறியது. பெரிய பூஸ்டர் வாங்கும் காசில் கால்வாசி கூட இதற்குப் போகவில்லை.

23 என்று நான் எழுதியதைப் பார்த்து, கீழே ஓடும் வண்டிகளுக்கு 27 காட்டுமே என்று நீ கேட்பாய். நானும் பாஸிடம் அதையேதான் கேட்டேன். பூஸ்டர் என்பது உள்ளே ரப்பர் தட்டு வைத்த தகரச் சட்டி. தட்டுக்கு முன்பக்கம் வெற்றிடம். நீ மிதித்ததும் பின்பக்கம் வெளிக்காற்று நுழைந்து தட்டைத் தள்ளும். ஆக உன் காலுக்கு உதவுவது வெளியில் இருக்கும் காற்றின் பாரம்தான். நீ இருக்கும் கிளிநொச்சி கடல் மட்டத்துக்குக் கிட்ட, அங்கே அந்தப் பாரம் முழுதாக இருக்கிறது, 30 அங்குல பாதரசம். ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரம், இங்கே அது 26க்கும் கொஞ்சம் குறைவு. நுவரெலியா 1868 மீற்றர், அங்கே 24தான். பம்ப் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் இல்லாத காற்றை அது உண்டாக்க முடியாது. உன் ஊரில் பூஸ்டர் கொடுக்கும் உதவியில் ஐந்தில் ஒரு பங்கு நுவரெலியாவில் தானாகவே குறைந்துவிடும், அதுவும் இறக்கம் தொடங்கும் இடத்தில். ஏ9 வீதியில் நன்றாகப் பிடித்த வண்டி மலையில் ஏன் பிடிக்கவில்லை என்று கீழேயிருந்து வருகிறவர்கள் கேட்பதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இறக்கமும் பாரமும் மட்டும்தான் காரணம் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

இந்தக் கணக்கு விளங்கிய பிறகுதான் டபுள் பூஸ்டர் போட முடிவெடுத்தேன். உயரத்தில் குறைகிற காற்றைத் தட்டின் பரப்பைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். 8 அங்குலத் தட்டு ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அங்குலம். 7 அங்குலமும் 8 அங்குலமும் ஒன்றன் பின் ஒன்றாக வைத்த இரட்டைத் தட்டுப் பூஸ்டரில் அது 88 ஆகிவிடும், நடுத்தண்டுக்குப் போகிற இடத்தைக் கழித்தாலும் ஒன்றரை மடங்குக்கு மேல். சட்டியின் வாயும் பெரிதாகாது, நீளம்தான் கூடும். பஞ்சிகாவத்தையில் ஹைலக்ஸ் சர்ப் ஜீப் ஒன்றிலிருந்து கழற்றியது கிடைத்தது, மிதியை ஒயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்தே வாங்கினேன். நீ வாங்கினாலும் இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வாங்கு, தனித்தனியாக எடுக்காதே. மாஸ்டர் சிலிண்டரின் துளை பெரிதானால் பெடல் குறைவாக இறங்கும், அது காலுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் அதே மிதிக்கு ஒயிலில் ஏறும் அழுத்தம் குறைந்துவிடும். எட்டில் ஏழு பங்கு அங்குலத் துளையிலிருந்து முழு அங்குலத் துளைக்குப் போனால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அழுத்தம் போய்விடும். சின்னப் பூஸ்டரை வைத்துக்கொண்டு சிலிண்டரை மட்டும் பெரிதாக்கிய ஒரு வானை நான் ஓட்டிப் பார்த்தேன், சுவரை மிதிப்பது மாதிரி இருந்தது.

பூட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது. பூஸ்டரின் மூக்கில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுவது. அந்தத் தண்டு ஒரு மயிரிழை நீளமாக இருந்தாலும் நீ காலை எடுத்த பிறகும் பிஸ்டன் முழுவதும் திரும்பி வராது, ஒயில் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியபடியே இருக்கும், சூடு ஏற ஏற ஒயில் விரிந்து சக்கரம் தானாகப் பிடித்துக்கொள்ளும். குட்டையாக இருந்தால் பெடல் சும்மா பாதிவரை போகும். பாஸ் என்ன செய்தார் தெரியுமா, பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணில் ஒரு உருண்டையைத் தண்டின் நுனியில் ஒட்டி, சிலிண்டரை வைத்து அழுத்தி, கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளந்து பார்த்தார். மூன்று தடவை. மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தி வந்தது. உனக்கும் அவரே பூட்டட்டும்.

இன்னொன்று, உன் கெப்புக்கு இது கட்டாயம். நெல் மூட்டை ஏற்றப் பின்னால் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருப்பதாக முன்பு சொன்னாய். பின் அச்சுக்கு மேலே ஒரு கம்பி பூட்டிய வால்வ் இருக்கிறதா என்று குனிந்து பார். பாரம் ஏறி உடம்பு கீழே இறங்கினால் பின் பிரேக்குக்குக் கூடுதல் ஒயில் விடுவது அதன் வேலை. பட்டை கூட்டினால் பாரம் ஏற்றியும் உடம்பு இறங்காது, வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அது நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும், முன் சக்கரங்கள் மட்டும் தனியாக வேலை செய்து சூடாகிச் சாகும். எத்தனை பெரிய பூஸ்டர் போட்டாலும் இது சரியாகாது. கம்பியைச் சரிப்படுத்த வேண்டும். என் வண்டியிலும் இதே குறை இருந்தது, பூஸ்டர் மாற்றிய அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.

பிரேக் ஒயிலையும் முழுவதும் இறக்கிப் புதிதாக விடு. டொட் 4 வகை ஒயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏறியபின் 155 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். நம் மலையின் ஈரம் உனக்குத் தெரியும், பெட்டியில் வைத்த துணியே பூசணம் பிடிக்கும். நான் இப்போது வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன்.

மச்சான், இவ்வளவும் செய்த பிறகும் ஒன்றை நீ மனதில் வைத்திருக்க வேண்டும். பூஸ்டர் உன் காலுக்குப் பலம் கொடுக்கும், சூட்டைக் குறைக்காது. பாரத்தோடு இரண்டரைத் தொன் வண்டி நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை 1300 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் பிரேக்கிலேயே போனால், 90 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அந்த நாலு சக்கரத்துக்குள் சேரும். அதில் பெரும்பகுதியை எஞ்சினிடம் கொடுக்க வேண்டும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று நம் அப்பாமார் காலத்து லொறிக்காரர்கள் சொன்னது அப்படியே சரி. 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனபோது எத்தனையோ பேர் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள், சிலருக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். நீ ஒரு நாளும் அப்படிச் செய்யாதே.

எனவே இப்போது நீ செய்யவேண்டியது, அங்கேயே ஒரு மீற்றரை மாட்டி எஞ்சின் சும்மா ஓடும்போது எத்தனை அங்குலம் காட்டுகிறது என்று எனக்கு எழுது. 25க்குக் கீழே இருந்தால் பெல்ட்டையும் பம்பையும் பார்க்காமல் வண்டியை மலைக்கு எடுக்காதே, பஸ்ஸில் வா. 26, 27 காட்டினால் வெறும் வண்டியாகவே கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாக ஏறி நேரே இங்கே வந்துவிடு. பூஸ்டரை நான் அதற்குள் கொழும்பு போகும்போது பார்த்து வைக்கிறேன். பாஸிடம் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின கிழமை இரண்டு நாள் கேட்டிருக்கிறேன், அவரும் சரி என்றார். பூட்டி முடித்து, வெறும் வண்டியோடு தலவாக்கலை வரை ஒரு தரம் போய் வந்த பிறகுதான் உன்னைப் பாரம் ஏற்ற விடுவேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு சொல். அவர்களையும் கூட்டி வருவதென்றால் முன்கூட்டியே எழுது, அம்மா ரொட்டிக்குத் தேங்காய் வாங்கி வைக்க வேண்டும் என்கிறார்.

உன் மச்சான்