வாசல் வரை வந்தேன்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானம் வரை நடக்கிறாள்.

"கிரகப்பிரவேசத்துக்கு ஏன் வரவில்லை, என் மேல் என்ன வருத்தம்?" என்று கேட்டிருந்தாய். ஒரு வருத்தமும் இல்லை. அன்று நான் வந்தேன். லாஸ்பேட்டையில் உன் வீட்டு வாசல் வரை வந்தேன். பந்தலுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே உன் நாத்தனார்களின் சிரிப்புச் சத்தம். யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டால் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது என்று நினைத்ததுமே நெஞ்சு படபடத்தது. உனக்காக வாங்கிய குத்துவிளக்கைச் சுற்றியிருந்த சிவப்புக் காகிதம் வியர்வையில் நனைந்து, சாயம் விரலில் ஒட்டிக்கொண்டது. அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே இதைக் கூச்ச சுபாவம் என்றார்கள். பழகினால் போய்விடும் என்று நானும் இருந்தேன். போகவில்லை. போன மாதம் சித்தியைப் பார்க்கப் போனபோது, நெரிசலான பஸ்ஸில் "இறங்கணும்" என்று குரல் கொடுக்க முடியாமல் தவளக்குப்பத்தைத் தாண்டி, அரியாங்குப்பத்தில் யாரோ இறங்கும்போது கூடவே இறங்கினேன். மறுவாரமே கோரிமேடு போய் ஜிப்மர் மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டேன்.

சமூகப் பதற்றம் என்று இதற்குப் பெயர் உண்டாம். பயந்து விலகும் ஒவ்வொரு தடவையும், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. அங்கேயே நின்றால் படபடப்பு உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கும். எனக்கு இது பெரிய செய்தி. அது இறங்கும் வரை நான் ஒரு நாளும் நின்றதே இல்லை.

2000-ல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றையும் படித்தேன். போடவே கூச்சப்படும்படியான, ஒரு பாடகரின் முகம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். படித்துவிட்டு வெகுநேரம் அந்த வாசலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சின்னச் சின்னதாகப் பழகுகிறேன். முன்பெல்லாம் மீன் வாங்கப் போனால், சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு முறை ஒப்பித்துவிட்டு, போனைப் பார்த்தபடியே நிற்பேன். நேற்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மீன்கார அம்மாவின் கையையே பார்த்தேன். அரிவாள்மனையில் சங்கராவைச் செதில் நீக்கிக்கொண்டிருந்தார், கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. "எத்தனை வருஷமா அக்கா இந்த வேலை?" என்று கேட்டுவிட்டேன். பத்து நிமிஷம் பேசினார். என் குரல் நடுங்கியதா என்று யோசிக்கவே தோன்றவில்லை.

சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். ஒரே ஒரு உதவி செய். என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி அறிமுகம் செய்யாதே. அடுப்படியில் ஏதாவது வேலை கொடு, நானே மெதுவாகப் பேச்சில் சேர்ந்துகொள்கிறேன். நடுவில் முகம் வெளிறினாலும் கிளம்பச் சொல்லிவிடாதே, கொஞ்ச நேரம் விடு.

குத்துவிளக்கு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. காகிதம் மட்டும் புதிதாக மாற்ற வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி