தரங்கம்பாடி ஊர் வரலாறு: ஞாயிறு காலை நடை

எல்லாருக்கும் வணக்கம்.

நவம்பர் 22, ஞாயிறு காலை 6.30 மணிக்கு நம் ஊரைச் சுற்றி நடக்கிறோம். ராஜ வீதி நுழைவாயிலில் கூடுவோம்.

நம் பிள்ளைகளிடம் ஊர்க் கதை கேட்டால், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மாசிலாமணிநாதர் கோயில் அதற்கும் 300 ஆண்டு மூத்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதனால் நடையைக் கோயிலில் தொடங்கலாம் என்பது என் விருப்பம். அப்புறம் கோட்டை, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான ஊர் இது என்பதையும் அங்கே சொல்வோம். 1845இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது, துறைமுக வியாபாரம் நாகப்பட்டினம் பக்கம் நகர்ந்தது. இதைக் கடற்கரையில் உட்கார்ந்து பேசலாம்.

செய்ய வேண்டியவை:

1. வீட்டுப் பெரியவர் ஒருவரையாவது அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் நேரே கடற்கரைக்கு வரட்டும்.
2. பழைய போட்டோ, பத்திரம், கடிதம் இருந்தால் எடுத்து வாருங்கள். அங்கேயே படம் பிடித்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். 2004 சுனாமியில் எத்தனையோ வீடுகளில் இவை போய்விட்டன. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.
3. தண்ணீர், தொப்பி.

எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.