மேல்வீட்டுச் சத்தம்

வெள்ளவத்தை,
செவ்வாய் இரவு

என் அன்புக் குஞ்சுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நித்திரை ஒழுங்காக வருகிறதா? இரவு வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாயா? மூன்று ஞாயிறுகளாக நீ எடுக்கவில்லை. அண்ணா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அவன் நன்றாக இருக்கிறான். மனச்சிதைவுக்குக் குளோசபின் மாத்திரை தொடங்கிய காலத்தில் கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள், இப்போது மாதத்துக்கு ஒருமுறை. வெள்ளைக் கலங்கள் குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் மாத்திரை கைக்கு வரும். உடம்பு பெருத்துவிட்டது, அந்த மருந்தின் குணம் அது. அதனால் பின்னேரங்களில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரையோரம் தெஹிவளைப் பக்கமாக நடக்கிறோம். காலையில் மாமாவின் கடையில் இரண்டு மணித்தியாலம் பருப்பு நிறுத்துக் கட்டுகிறான். போன மாதச் சம்பளத்தில் எனக்குச் சீலை வாங்கி வந்தான். பச்சை, சரிகைக் கரை. காதில் கேட்கும் குரல்கள் முழுதாக நிற்கவில்லை. ஆனால் "அம்மா, இன்றைக்குச் சத்தம் கூட" என்று அவனே வந்து சொல்கிறான். பாட்டைப் போட்டுவிட்டுத் தேங்காய் துருவக் கொடுப்பேன்.

கிளினிக்கில் குடும்பத்தாரையும் கூப்பிட்டுக் கதைக்கிறார்கள். 1950களில் லண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்பவர் ஆராயத் தொடங்கினாராம். ஆஸ்பத்திரியிலிருந்து ஓயாமல் குறை சொல்லும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியதாம். அளவுக்கு மீறிப் பொத்தி வைத்தாலும் அப்படித்தானாம். அதைக் கேட்டதும் நான் குனிந்துகொண்டேன். இப்போது "ஏன் இன்னும் குளிக்கவில்லை" என்று கத்துவதில்லை. தட்டில் பிசைந்து வைப்பதையும் விட்டுவிட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீ மெல்பேர்ணில் தனியாக நிற்கிறாய் என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் இவ்வளவு படித்தவளுக்கு அம்மாவோடு ஐந்து நிமிடம் கதைக்க முடியவில்லையா? நித்திரை முழித்துக் கோப்பி குடிக்காதே. உன் மேல்வீட்டுக்காரர் இன்னும் இரவில் கதிரை இழுக்கிறார்களா? வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று போன முறை சொன்னாய். பலகைத் தளம் என்றால் கேட்கத்தான் செய்யும். உன்னோடு இருக்கும் பிள்ளைக்கும் அது கேட்கிறதா?

அண்ணாவும் முதலில் பக்கத்து வீட்டு ரேடியோவைத்தான் சொன்னான். நான் அந்த வீட்டாரோடு சண்டைக்குப் போனேன். அவர்களுடைய ரேடியோ பழுதாகி மாதக்கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் நூல் கட்டினேன், கழிப்புக் கழித்தேன். அப்பா டொக்டரிடம் போகலாம் என்றார். அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியின் பெயர் நம் ஒழுங்கையில் விழுந்தால் நாளைக்கு உன்னைப் பெண் கேட்டு யார் வருவார் என்று நான்தான் தடுத்தேன். இரண்டு வருடம், குஞ்சு. மருந்து தொடங்கப் பிந்தப் பிந்தத் தேறுவது கடினம் என்று டொக்டர் சொன்னபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

கூடப் பிறந்தவர்களில் 100 பேருக்குச் சுமார் 10 பேருக்கு வரலாம் என்றும் அந்த டொக்டர் சொன்னார். மற்ற 90 பேருக்கு வராது. இதை இவ்வளவு காலமும் உன்னிடம் மறைத்தேன். கதிரைதான் என்றால் வீட்டை மாற்று, காசு அனுப்புகிறேன். நித்திரைக் குறைவாகவும் இருக்கலாம். எதுவானாலும் இந்தக் கிழமையே ஒரு டொக்டரிடம் போ. அண்ணாவைப் பற்றியும் சொல். நித்திரை கொள், சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை முகம் தெரிகிற மாதிரி எடு. பத்தரமுல்லைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நான் அங்கே வந்தால் அண்ணா சின்னம்மா வீட்டில் நிற்பானாம். மாத்திரை நேரங்களை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான்.

அம்மா