அப்பாவை வழியனுப்ப வந்த எல்லோருக்கும்

அண்ணன், தங்கை, நான் மூவரும் சேர்ந்து எழுதுகிறோம். அப்பாவை நல்லபடியாக அடக்கம் செய்துவிட்டோம். அந்த மழையிலும் பாதை கிடந்த நிலையிலும் எப்படி முடிந்தது என்று இன்னும் நம்ப முடியவில்லை.

அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்த தேயிலைக் கொழுந்துக்காரப் பெண்கள், தப்படித்த தம்பிமார், லயத்து வரிசை வீட்டு வாசலில் தகரம் போட்ட பிள்ளைகள், செங்கொடியோடு அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வந்து சேர்ந்த தோழர்கள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்த சிங்களக் கிராமத்து அக்காமார், எல்லோருக்கும் நன்றி.

பழைய கணக்கப்பிள்ளை ஐயாவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசடியில் அவரோடு அப்பா போட்ட சண்டை தோட்டத்துக்கே தெரியும். ஈரக் கொழுந்து, சாக்குப் பாரம் என்று அவர் றாத்தல் கணக்கில் எடையை வெட்டும்போதெல்லாம், "அந்தம்மா முதுகில சுமந்தத எழுதுங்க" என்று அப்பா வழிமறித்து நிற்பார். அன்று குழிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே அந்த ஐயா மண்வெட்டியோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மேட்டுப் பக்கமாகக் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். பிறகு தண்ணீரை இறைக்கச் சொல்லி, குழியடியில் மானாப்புல் பரப்பினார். எண்பதை நெருங்கும் உடம்பு. அண்ணன் கேட்டும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. "ஒங்கப்பா எங்கிட்ட தனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல தம்பி" என்றார். அப்புறம் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

1960களில் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் சண்முகதாசன் பேசிய கூட்டத்துக்குப் போய், அந்தச் சூட்டோடு தோட்டத் தொழிலாளரின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தவர் அப்பா. எங்கள் பிறந்தநாள் அவருக்கு நினைவிருக்காது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்ட தொழிலாளி கோவிந்தனையும், 1977 மே 11இல் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் உயிர்விட்ட சிவனு லெட்சுமணனையும் ஒரு வருடமும் மறந்ததில்லை. அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. ஆனால் துக்க வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அப்பாவைப் பற்றி ஒரு கதை இருந்தது. எங்களுக்குக் கிடைக்காத அப்பா எங்கெங்கே இருந்திருக்கிறார் என்று உங்கள் வாயால் கேட்டோம். விடிய விடியக் கேட்டும் போதவில்லை.

கருமாதி வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். வீட்டோடு காணி உறுதிப் பத்திரமும் வேண்டும் என்று லயத்துக் குடும்பங்களுக்காக அவர் எழுதத் தொடங்கிய மனுவைத் தங்கை முடித்துக்கொண்டிருக்கிறாள். பதினாறாம் நாள் பின்னேரம் அதை வாசித்துக் கையெழுத்து வாங்கப் போகிறோம். அத்தோடு விடமாட்டோம், பதில் வரும்வரை நாங்கள் மூவரும் அலைவோம். எல்லோரும் வாருங்கள். ஐயா, நீங்களும் கட்டாயம் வரவேண்டும்.