மைத்துனனின் காரும் மாலைப் பேருந்தும்

அன்பின் ரவி,

இங்கு யாவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

என் மைத்துனன் கார் எடுத்துவிட்டான். 2020 மார்ச்சில் இலங்கை அரசு நிறுத்திய வாகன இறக்குமதியை மீண்டும் அனுமதித்தால் விலை இறங்கும் என்று காத்திருந்தவன், 2025 பெப்ரவரியில் அனுமதித்தபோது வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுத் தலைசுற்றி, கடைசியில் பழைய கார் ஒன்றை லீசிங்கில் வாங்கியிருக்கிறான். அன்றிலிருந்து, ‘நீங்கள் இன்னும் சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் போகிறீர்கள்’ என்ற பேச்சு எனக்குக் காலைத் தேநீரோடு சேர்ந்தே வருகிறது. காரின் அருமையை எனக்கா சொல்லித்தர வேண்டும்? போரில் வடக்குக்கு எரிபொருள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் காபுரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய செல்லண்ணையின் மொறிஸ் மைனரில் நாம் ஏறிப்போன தூரத்தைவிடத் தள்ளிக்கொண்டு நடந்த தூரமே அதிகம் என்பதற்கு நீயே சாட்சி. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டு, பின்னர் கியூஆர் முறையில் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என அளந்து கொடுத்தபோது, மூலையில் கிடந்த லுமாலா சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்களுள் இந்த மைத்துனனும் ஒருவன்.

கேலி போகட்டும். நான் எழுத வந்தது வேறு விடயம். மாலை வகுப்பு முடிந்து ஒட்டுசுட்டான் சந்தியில் நிற்கும் பிள்ளைகளை ஏற்றாமலே பேருந்து போய்விடுகிறது. சலுகை மாதச் சீட்டான சீசன் ரிக்கற்றில் போகும் பிள்ளைகளால் வருமானமில்லை என்பதே காரணம் என்று ஊரில் பேச்சு. மிதிபலகையில் நிற்கும் நடத்துநர் ‘பின்னால் பஸ் வருகுது’ என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். பின்னால் வருவது இருட்டு மட்டுமே. கூழாமுறிப்புப் பக்கத்துப் பிள்ளைகள், ஒருவரை ஒருவர் கரியரில் ஏற்றிக்கொண்டு, விளக்கில்லாத சைக்கிள்களில் முல்லைத்தீவு வீதியால் போகிறார்கள். அந்த வீதி குண்டும் குழியுமாகக் கிடந்த நாளில் எவரும் வேகமாக ஓடவில்லை. வழுவழுப்பாகக் காபெற் தார் போட்ட பிறகு வான்கள் பறக்கின்றன, தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடுவிலேயே படுத்துக்கிடக்கின்றன, தாரின் விளிம்போ ஒரு சாண் பள்ளம், சைக்கிள் ஒதுங்க வழியில்லை. போன வாரம் மாட்டுக்கு விலகிய வானின் கண்ணாடி தட்டி, என் வகுப்புப் பிள்ளையொருத்தி அந்தப் பள்ளத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பரீட்சை நெருங்குகிறது, முறிந்தது வலது கை.

கார் வேண்டாம் என்று நான் சாதிக்கவில்லை. நடுநிசியில் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தால் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மைத்துனனைத்தான் எழுப்புவேன். ஆனால் வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகக் காருக்கு மாறிவிட்டால், பேருந்து நிற்கவில்லை என்று உரத்துக் கேட்கக்கூடியவர்கள் எவரும் அந்தச் சந்தியில் மிஞ்சமாட்டார்கள். மிஞ்சுவது பிள்ளைகளும் கிழவிகளுமே. அதற்காகவே நான் கார் வாங்காமல் இருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னபோது, காசில்லாததற்கு இவ்வளவு அழகான காரணம் கேட்டதில்லை என்றாள்.

பெற்றோருடன் சேர்ந்து மனுக் கொடுக்கப் போகிறோம், அதை நீதான் எழுதித்தர வேண்டும். வகுப்பு விடும் நேரத்தில் ஒரு பேருந்து வேண்டும். தாரின் இரு ஓரத்தையும் கிரவல் போட்டு மட்டப்படுத்த வேண்டும். இவ்விரண்டுக்கு மேல் எதையும் சேர்க்காதே. சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, இம்மாத முடிவுக்குள் அனுப்பிவிடு. உன் பழைய பழக்கத்தில் கவிதையாக்கிவிடாதே.

அன்புடன்,
குணம்