இரண்டு பக்க எஸ்டிமேட்

தருமபுரி

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த எஸ்டிமேட்டும் வந்து சேர்ந்தன. கடிதம் ஒரு பக்கம்தான், எஸ்டிமேட் இரண்டு பக்கம். ஆயில் மாற்ற சர்வீஸ் சென்டரில் விட்ட காருக்கு 38,000 ரூபாய் வேலை இருக்கிறது என்றால் யாருக்கும் கோபம் வரும். "எல்லாம் கொள்ளை, ஒன்றும் செய்யப் போவதில்லை" என்று எழுதியிருக்கிறாய். கொள்ளை என்பதில் பெரும்பாலும் உன் கட்சிதான் நான். ஒன்றும் செய்யப் போவதில்லை என்கிறாயே, அங்கேதான் எனக்குப் பயம். மகளைப் பார்க்க மாதம் தவறாமல் சேலம் போகிறவன் நீ, அதுவும் தொப்பூர் மலை இறக்கம் வழியாக.

பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்காமல், எந்த வரியில் அளவு எழுதியிருக்கிறது என்று தேடினேன். ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது: முன் பிரேக் பேட், 2.5 மி.மீ. அதாவது யாரோ ஒரு பையன் சக்கரத்தைக் கழற்றி, குனிந்து, அளந்து பார்த்திருக்கிறான். மற்ற வரிகளில் எல்லாம் "மாற்றுவது நல்லது" என்றுதான் இருக்கிறது. யாருக்கு நல்லது என்று எழுதவில்லை.

எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு ஒரு வரி, அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். உன்னுடைய 2014 வேகன் ஆரின் ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் பெல்ட்டே கிடையாது, உள்ளே ஓடுவது செயின். பழைய மாருதி 800-இல் பெல்ட் இருந்தது, அதைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றித்தான் ஆக வேண்டும். செயினுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் அது பாட்டுக்கு ஓடும். தளர்ந்துபோனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் கொடுத்துத் தானே சொல்லிவிடும். வெளியே, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் ஒன்று உண்டு, அது வேறு சங்கதி. இல்லாத பாகத்தை மாற்றுவதாக எழுதியது ஏமாற்றா, வேறு வண்டியின் பட்டியல் கம்ப்யூட்டரில் தவறி வந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியை எழுதியவர் உன் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை.

அதற்காக அந்த கவுன்டர் பையனைப் போய்த் திட்டிவிட்டு வராதே. மாதத்துக்கு இத்தனை ரூபாய் வேலை பிடித்துத் தர வேண்டும் என்று பல இடங்களில் அவர்கள் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் பணிமனையில் வேலை வேறு மாதிரி தொடங்கும். ஓட்டுநர் வந்து, "இடது பக்கம் இழுக்கிறது, மூன்றாவது கியர் விழ மறுக்கிறது" என்று எழுதிக் கொடுப்பார், அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுப்போம். உன் வண்டி உன்னிடம் எந்தப் புகாரும் சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் முக்கால்வாசி, வண்டி சொல்லாத நோய்க்கு எழுதிய மருந்து.

சிக்கல் என்னவென்றால், பிரேக் எப்போதும் முன்கூட்டிப் புகார் சொல்லாது. சொல்லும்போது சில சமயம் காலம் கடந்திருக்கும்.

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இறுக்கிப் பிடித்து நிறுத்துவது பேட். புதிய பேட் ஏறக்குறைய 10 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ.க்குக் கீழே போனால் கழற்றிப் போடு என்பதுதான் பட்டறைக் கணக்கு. உன்னுடையது 2.5. இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம் என்று நினைத்தால் பேட் தேய்ந்து அதன் அடியிலுள்ள இரும்பு வந்து டிஸ்கைக் கீறும், பிறகு டிஸ்கையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

அதற்கு அடுத்த வரி, பிரேக் ஆயில். அதை நீ வெட்டுக் கோடு போட்டு அடித்து வைத்திருக்கிறாய். வாத்தியாரே, அடித்தது தப்பு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்குத் தர விதியே 140 டிகிரிதான் கேட்கிறது. தட்டையான சாலையில் இந்த வித்தியாசம் உனக்குத் தெரியவே தெரியாது. தருமபுரிப் பக்கமிருந்து தொப்பூர் இறக்கத்தில் இறங்கும்போது, முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு லாரி, காலை பிரேக்கிலிருந்து எடுக்க வழியில்லை என்று வைத்துக்கொள். டிஸ்க் காய்ந்து, அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறி, ஆயில் கொதித்து ஆவியானால், நீ மிதிக்கும் மிதி அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரை தட்டும், வண்டி நிற்காது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டி வரும் லாரிகள் அங்கே என்னென்ன செய்திருக்கின்றன என்று நீயே பேப்பரில் படித்திருப்பாய். நீ இரண்டாவது அல்லது மூன்றாவது கியரிலேயே இறங்கு, பாதி வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.

பெரும்பாலான கையேடுகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. நீ வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய்! உங்கள் தெரு முனைப் பட்டறைக்காரர் "அளவு குறைந்திருக்கிறது, மேலே கொஞ்சம் ஊற்றினால் போதும்" என்றாராம். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. மேலே ஊற்றினால் பழைய ஆயிலில் இருக்கும் ஈரம் எங்கே போகும்? பெரிய இடத்தில் தேவையில்லாததைத் தலையில் கட்டுகிறார்கள் என்றால், சின்ன இடத்தில் தேவையானதையும் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். உனக்கு இரண்டாமவர் நல்லவராகத் தெரிகிறார், காசு கேட்கவில்லை அல்லவா?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஃபிளஷ், அதாவது எஞ்சினை உள்ளே மருந்து ஊற்றிக் கழுவுவது, வேண்டாம், காலத்தில் ஆயில் மாற்றுகிறவனுக்கு அது வீண் செலவு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குச் சுத்தம், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் மட்டும். ஏ.சி. கேஸ் வருஷா வருஷம் நிரப்பும் சரக்கு இல்லை, குளிர் குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல். ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். குனிந்து பார், எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால்தான் பேச்சு. கிளட்ச் செட்டுக்கு ஒரு சோதனை: காலியான சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதி. வேகம் ஏறாமல் இரைச்சல் மட்டும் ஏறினால் பிளேட் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் அந்த வரியையும் அடித்துவிடு. அடிப்பாகத்துக்குத் துருக் காப்புப் பூச்சாம்! கிருஷ்ணகிரியில் எந்தக் கடல் வந்து உப்புக் காற்று வீசுகிறது?

இன்னொருவரிடம் காட்டப் போகிறாய் என்றால் இந்தப் பட்டியலைக் கையில் கொடுக்காதே. கொடுத்தால் அதையே திருப்பிப் படிப்பார். சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும் கூலி பேசு, பார்க்கிற அவரிடம் வேலையைக் கொடுக்கப் போவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. எங்கே செய்தாலும் பேட் பெட்டியில் அச்சிட்ட விலையைப் பார், கழற்றிய பழைய பேட்டைக் கையில் வாங்கிக்கொள். நான் போட்ட கணக்கில், பேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து உன் பட்டியலில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால்தான் பழைய ஷாக் அப்சார்பர், அதற்கு ஸ்பேர் கிடைக்கவில்லை. பேத்தி கார் ஓட்டப் பழகுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் வாயை மூடுவதில்லை என்று என்னைப் பின் சீட்டுக்கு மாற்றிவிட்டாள். உன் தோட்டத்துப் பெங்களூரா மாங்காய் இந்த வருஷம் என்ன விலைக்குப் போனது? கூழ் ஆலைக்காரர்கள் வழக்கம்போலக் கடைசி நேரத்தில் விலையைக் குறைத்தார்களா? எழுது.

தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்குள் பிரேக் வேலை முடிந்தால் காரில் வா, முடியாவிட்டால் பஸ்ஸில் வா, பஸ் நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன். செந்தூரா நான்கு கிலோ மரத்திலிருந்து பறித்து எடுத்து வா. காசு கொடுப்பேன், வாங்க மாட்டேன் என்று வாசலில் நின்று சண்டை போடாதே.

உன்
கடைசி பெஞ்சுத் தோழன்