டிபிகேஜி ஏன் காத்திருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் உபுண்டு, பாஸ் லினக்ஸ் போன்ற டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் மென்பொருள் நிறுவ நேரமாகிறது என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. அதற்கு மருந்தாக, மென்பொருளை நிறுவும் கருவியான டிபிகேஜியின் அமைப்புக் கோப்பில் 'ஃபோர்ஸ்-அன்சேஃப்-ஐஓ' என்ற வரியைச் சேர்க்கச் சொல்கிறார்கள். யுபிஎஸ் இல்லாத கணினியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டிபிகேஜி எந்தக் கோப்பையும் நேரடியாக மேலெழுதாது. பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-நியூ' என்று ஒட்டி எழுதும். எஃப்சிங்க் அழைத்து அது வட்டில் பதியும்வரை காத்திருக்கும். பிறகுதான் உண்மையான பெயருக்கு மாற்றும். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒருமுறை சுழல 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். கோப்புக்கு ஒரு சுழற்சி என்று வைத்தாலே, 3000 கோப்புள்ள ஒரு பேக்கேஜுக்கு (மென்பொருள் தொகுப்புக்கு) 25 விநாடி போய்விடும். எஸ்எஸ்டியில் இது மிகக் குறைவு.

அந்த வரியைச் சேர்த்தால் காத்திருப்பு இருக்காது. ஆனால் வட்டில் கோப்புகளை நிர்வகிக்கும் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 தரவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு சற்றுத் தாமதமாகத்தான் வட்டில் எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே 0 பைட். ஏற்கெனவே உள்ள கோப்பை மாற்றும்போது எக்ஸ்ட்4 ஓரளவு காப்பாற்றும்; புதுப் பெயரில் வரும் லைப்ரரிக்கு (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புக்கு) அந்தக் காப்பும் கிடையாது. டிபிகேஜியின் பதிவேடோ 'நிறுவப்பட்டது' என்றே காட்டும். இதுதான் பெரிய ஆபத்து. 'டிபிகேஜி --வெரிஃபை' கொடுத்தால் கெட்ட கோப்புகள் தெரியவரும், அந்த பேக்கேஜ்களை மறுபடி நிறுவலாம். கெட்டது அடிப்படை லைப்ரரி என்றால் கணினி எழும்பவே எழும்பாது. லைவ் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பிச் சரிசெய்வதுதான் வழி.

டெபியன், உபுண்டுவின் டாக்கர் இமேஜ்களில் (நிரல்களைத் தனித்தனியாக இயக்க உதவும் தயார் அச்சுகளில்) இதே வரி முன்பே இருக்கிறது. அங்கே அது சரி. பாதியில் கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். மாணவர்களின் வேலை இருக்கும் கணினியை அப்படித் தூக்கிப் போட முடியாது.

பேக்கேஜ்களைச் சுருக்கும் முறையை மாற்றினால், பாதுகாப்பைத் தொடாமலே வேகம் கூட்டலாம். ஆர்ச் லினக்ஸ் 2019 டிசம்பர் கடைசியில் எக்ஸ்இசட் சுருக்கத்திலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாறியபோது பேக்கேஜ்களின் மொத்த அளவு சுமார் 0.8 சதவீதமே கூடியது. விரிக்கும் வேகமோ பல மடங்கானது. உபுண்டுவும் 21.10 பதிப்பில் மாறிவிட்டது.

ஆய்வகத்தில் செய்ய வேண்டியது இதுதான். இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்து மற்ற கணினிகளுக்கும் தரும் 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி'யை ஒரு கணினியில் நிறுவி, மற்றவற்றில் பேக்கேஜ்களைப் பதிவிறக்கும் கருவியான ஆப்ட்டின் பிராக்ஸியை அதன் 3142ஆம் போர்ட்டுக்குத் திருப்புங்கள். 30 கணினிக்கும் ஒரே பதிவிறக்கம் போதும். அப்கிரேடை இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் 'டவுன்லோட்-ஒன்லி' (பதிவிறக்கம் மட்டும்), பிறகு நிறுவல். பதிவிறக்கத்தின் நடுவே கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவும் வேலையை யுபிஎஸ்ஸில் சார்ஜ் நிறைந்திருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். அப்படியும் பாதியில் நின்றால், கரண்ட் வந்ததும் முதல் கட்டளை, பாதியில் நின்ற பேக்கேஜ்களின் அமைப்பு வேலையை முடிக்கும் 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ'.

இப்படிக்கு,
லினக்ஸ் நிர்வாகி ஒருவர்,
திருச்சி